சாவி யார் கையில்?

எங்கள் ஊர் நகராட்சியில் விரல்ரேகைப் பதிவு இயந்திரம் வந்த முதல் வாரத்தில் அம்மாவுக்கு மூன்று நாள் 'ஆப்சென்ட்' விழுந்தது. மூன்று நாளும் அவர் விடியற்காலை ஐந்தரைக்கே மஸ்டர் போடும் இடத்தில் நின்றிருந்தார். வேலையும் பார்த்தார். இயந்திரத்துக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை. இருபது வருடமாகப் பிளீச்சிங் பவுடரையும் சுண்ணாம்பையும் வெறுங்கையால் அள்ளித் தூவிய விரல்கள் அவருடையவை. துடைப்பப் பிடியில் உராய்ந்து உராய்ந்து ரேகை அழிந்துபோன விரல்கள். கண்ணாடித் தகட்டின்மேல் விரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் சிவப்பு. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். "ஓரமா நில்லும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் மேஸ்திரி. அந்த 'அப்புறம்' மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் பிடித்தமாக வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு மட்டுமில்லை, வார்டில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான். இதற்கு வழி கண்டுபிடித்தவர் அம்மாவோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா. துடைப்பத்தை இரண்டு கையால் பிடிக்கும்போது இடது கைச் சுண்டுவிரல் மட்டும் பிடியில் படாமல் விலகி நிற்கிறது, அதனால் அது தேயவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். இரவில் அந்த விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் துணியால் துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோருக்கும் வலது பெருவிரலுக்குப் பதிலாக இடது சுண்டுவிரலைப் பதிந்து கொடுங்கள் என்று அவர் துப்புரவு ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். முதலில் திட்டு விழுந்தது. பிறகு வேலை நடந்தது. இரண்டு மாதம் கழித்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில், வருகைப் பதிவுச் சிக்கலைப் 'புதுமையான முறையில்' தீர்த்ததற்காக ஆய்வாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "போவட்டும் விடு, சம்பளம் வந்துருச்சுல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூய்மைப் பணியில் இயந்திரங்களும் ஒப்பந்த முறையும் நுழைந்த பிறகு உழைப்பு எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆறாவது ஆண்டு ஓடுகிறது. நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் தேடிய ஒன்றை எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். அறிவு கீழிருந்து வந்தது, சான்றிதழ் மேலே போனது. இடையில் இருந்த தூரத்துக்குச் சாதி என்று பெயர்.

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை ஒரு கருத்தரங்கு நடத்தியது. 'பணியிடத்தில் மாற்றத்தை ஏற்றலும் வழிநடத்தலும்' என்பது தலைப்பு. பேச வந்தவர் பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மாற்றத்தை மேலிருப்பவர்கள் தொலைநோக்கோடு கொண்டுவருகிறார்கள், கீழ்நிலை ஊழியர்கள் பயத்தால் எதிர்க்கிறார்கள். ஆகவே அவர்களிடம் அன்பாகப் பேசி, பயிற்சி கொடுத்து, மனநிலையை மாற்ற வேண்டும். நான் எழுந்து, கீழ்நிலை ஊழியர் என்று நீங்கள் சொல்லும் ஆட்களின் சாதி என்ன என்று பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அரங்கில் ஒரு நெளிவு. "அது சமூகவியல் கேள்வி, நாம் இங்கே மேலாண்மை பேசுகிறோம்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியர் தோளைத் தட்டி, "நல்ல கேள்விதான், ஆனா இடம் தெரிஞ்சு கேக்கணும்" என்றார். அந்த இடம் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மாற்றத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு வினைச்சொற்கள் புழங்குகின்றன. சிலர் மாற்றத்தை வழிநடத்துவார்கள், சிலர் அதற்குப் பழகிக்கொள்வார்கள். எந்த வினை யாருக்கு என்பதை இந்த நாட்டில் திறமையோ பயிற்சியோ மட்டும் தீர்மானித்ததில்லை. சமூகவியல் கேள்வி என்று ஒதுக்கப்பட்டதை ஒரு தொழிற்கூடத்துக்குள் வைத்தே பார்க்கலாம். பம்பாய்ப் பஞ்சாலைகளை எடுத்துக்கொள்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஆலைகளில் ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆனால் நூற்புப் பிரிவில்தான் இருந்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. காரணம் ஒரு சின்னப் பழக்கம். தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார் தீர்ந்ததும் புதுத் தார் வைத்து, நூலின் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடாவில் பலர் வாய் வைக்க வேண்டியிருக்கும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் மற்றச் சாதித் தொழிலாளர்கள். முதலாளிக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை, ஒப்புக்கொண்டார். தொழிற்சங்கமும் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. நீராவியில் ஓடும் ஆலை, இங்கிலாந்திலிருந்து இறக்கிய தறி, புதுயுகத்தின் தொழிற்கூடம். அதற்குள் எச்சில் தீட்டு எந்தத் தடையும் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

இதே உறிஞ்சும் பழக்கம் மேற்கு நாடுகளின் ஆலைகளிலும் இருந்தது. வாய் வழியாக நோய் பரவுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இலேயே அந்த வகை நாடாவைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கையாலேயே நூல் கோக்கக்கூடிய நாடாக்கள் இருந்தன. அதாவது, பிரச்சினை நாடாவில்தான் என்று பார்த்தவர்கள் நாடாவை மாற்றினார்கள். நம்முடைய ஆலைகளில் அதே பிரச்சினைக்கு மனிதனை வெளியே நிறுத்தினார்கள். ஒரு கருவியை மாற்றினால் தீரக்கூடிய சிக்கலைத் தீர்க்காமலேயே வைத்துக்கொள்வதில் யாருக்கோ லாபம் இருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? நல்ல கூலியுள்ள வேலைக்குப் போட்டி குறைகிறது, அவ்வளவுதான். தீட்டு என்பது மனத்தில் மட்டும் இருப்பதில்லை, அது சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது.

1928-இல் பம்பாய் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் வந்தபோது அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். நெசவுப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளிலும் தலித்துகள் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கையில் சேருங்கள், இல்லையென்றால் எங்கள் மக்கள் ஏன் உங்களோடு நிற்க வேண்டும் என்று கேட்டார். தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று அன்றைக்கும் அவரைச் சொன்னார்கள். இன்றைக்கும் கூட்டங்களில் சாதியை எடுத்தால் "வர்க்க ஒற்றுமையைக் குலைக்காதீங்க தோழர்" என்று சொல்ல யாராவது ஒருவர் இருக்கிறார்.

பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்கள் மாநாட்டில் பேசும்போது, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளருக்கு இரண்டு எதிரிகள் என்றார். அந்த வரியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய சின்ன உதாரணத்தை யாரும் சொல்வதில்லை. தண்டவாளப் பராமரிப்புக் கூலியாக இருக்கும் தலித்துக்கு ரயில் நிலையப் போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏனென்றால் நிலைய அதிகாரி போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்வார், வீட்டுக்குள் தலித்தை விட முடியாது. ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் அதிகாரியின் சமையலறை வாசல்தான் பதவி உயர்வைத் தீர்மானித்தது. ஒரு பணியிடத்தைப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட பார்வை வேண்டும். எங்கள் மேலாண்மைத் துறைப் பாடத்திட்டத்தில் அந்த உரை இல்லை.

நாடா இருந்த இடத்தில் இன்றைக்கு ஜெட்டிங் வண்டி நிற்கிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-இல் வந்தது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்த சட்டம் 2013-இல் வந்தது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறது. சாவு நின்றபாடில்லை. இதற்கு அரசு சொல்லும் பதில் இயந்திரமயம். சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, பாதுகாப்புக் கருவியும் இயந்திரமும் தருவதற்காக ஒன்றிய அரசு 2023-இல் 'நமஸ்தே' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கணக்கெடுப்பில் 2024 வரை பதிவானவர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பிற்படுத்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் சேர்த்தால் ஏறக்குறைய 92 சதவீதம். இது சாதியைப் பற்றிய திட்டம் அல்ல, தொழிலைப் பற்றிய திட்டம் என்பதுதான் அரசின் நிலைப்பாடு.

என் கள ஆய்வில் ஒரு நகரத்தில் ஜெட்டிங் வண்டியோடு பதினோரு நாள் சுற்றினேன். வண்டிக்கு மூன்று ஆள். ஓட்டுநர், இயந்திரத்தை இயக்குபவர், ஹெல்பர். முதல் இருவரும் ஒப்பந்ததாரரின் ஆட்கள், அவருடைய சொந்த ஊர்க்காரர்கள், அவருடைய சாதிக்காரர்கள். ஹெல்பர் மட்டும் உள்ளூர்க்காரர். முன்பு அதே தெருக்களில் குழிக்குள் இறங்கியவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். எந்தக் குழி எந்தக் குழியோடு சேர்கிறது, எந்த வளைவில் மண் தேங்கும், எந்தத் திருமண மண்டபத்தின் எண்ணெய்க் கழிவு எந்த இடத்தில் கட்டிபிடிக்கும் என்று அந்த நகரத்தின் நிலத்தடி வரைபடமே அவர் தலைக்குள் இருந்தது. ஓட்டுநர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவரைக் கேட்டுத்தான் நிறுத்துவார். ஆனால் குழாயை விடுவதும் அழுத்தத்தைக் கூட்டுவதும் அவர் தொடக்கூடாத வேலைகள். மூடியைக் கடப்பாரையால் நெம்புவது, வெளியே வரும் கசடை வாரிப் போடுவது, சேறு படிந்த குழாயைச் சுருட்டுவது ஆகியவைதான் அவருக்கு. மத்தியானம் மூவரும் சாப்பிட உட்காரும்போது இருவர் வண்டியின் கேபினில், ஒருவர் மரத்தடியில்.

எட்டாம் நாள் குழாய் உள்ளே சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் அவரைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. "கொஞ்சம் எறங்கிப் பாரேன், ரெண்டு நிமிசம்." தவிர்க்கவே முடியாத சில சூழல்களில் ஆளை இறக்குவதென்றால்கூட உள்ளாட்சித் தலைமை அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் பாதுகாப்பு உடையும் வேண்டும் என்கின்றன விதிகள். அங்கே இருந்தது ஒரு கயிறு. நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கியதால்தான் அன்றைக்கு இறக்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் வண்டியில் ஏற எனக்கு அனுமதி கிடைக்கவில்லை, ஹெல்பருக்கும் அந்த வாரம் வேலை கிடைக்கவில்லை. அவருடைய வேலை போனதற்கு என் படம் ஒரு காரணம். இதை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். பிறகு அவரை வீட்டில் போய்ப் பார்த்தபோது கோபப்படவில்லை. "எனக்கு அந்த மிஷினை ஓட்டத் தெரியும். மூணு மாசம் பாத்துக்கிட்டேதான இருந்தேன். ஓட்ட விட மாட்டாங்க" என்றார்.

பயிற்சி இல்லாததால் தொழிலாளர்கள் பின்தங்குகிறார்கள் என்று சொல்லும் வல்லுநர்கள் அவரைச் சந்திக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மாற்றத்துக்கு மிக வேகமாகப் பழகிக்கொள்வது சாதிதான். 2019-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் இருந்தார்கள் என்று செய்தி வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நிரந்தர அரசுச் சம்பளம் என்றதும் துடைப்பத்தின் தீட்டு விலகிவிட்டதே என்று சிலர் மகிழ்ந்தார்கள். அப்படி வேறு நகராட்சிகளில் வேலைக்கு வந்த மற்றச் சாதி இளைஞர்கள் சிலரை நான் கள ஆய்வில் சந்தித்திருக்கிறேன். பதவியின் பெயர் தூய்மைப் பணியாளர். உட்கார்ந்திருப்பது வரிவசூல் மையக் கணினி முன்னால், அல்லது ஆணையரின் ஜீப்பில். 'மாற்றுப் பணி' என்று அதற்கு ஓர் அழகான சொல் வைத்திருக்கிறார்கள். மாற்றுப் பணி கிடைக்காதவர்கள் யார் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். பணியிடம் எல்லோருக்கும் திறந்தது. தெரு மட்டும் எங்களுக்கே இருந்தது.

சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த இன்னொரு மாற்றம் ஒப்பந்த முறை. சென்னையில் 2000-ஆம் ஆண்டு மூன்று மண்டலங்களின் குப்பையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்ததில் தொடங்கியது அது. நிறுவனங்கள் மாறின, சீருடையின் நிறம் மாறியது. 2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து ரிப்பன் மாளிகை முன்னால் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கிக்கொண்டிருந்த தங்களுக்குத் தனியாரிடம் போனால் சுமார் 6,000 ரூபாய் குறையும் என்று சொன்னார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, "ஏன் மாற்றத்தை எதிர்க்கிறீர்கள்?" என்பது. சம்பளம் குறைவதற்கு மாற்றம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை எதிர்ப்பவர் பழமைவாதி ஆகிவிடுகிறார். கருத்தரங்குக்கு வந்த ஆலோசகரும் இதே பயிற்சியைத்தான் கொடுத்தார்.

அந்தப் பந்தலுக்கு நானும் போயிருந்தேன். நான் பார்த்த பெண்கள் யாரும் இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டரி வண்டி வேண்டும், ஆனால் பிரேக் பிடிக்கிற வண்டி வேண்டும் என்றார்கள். கையுறை வேண்டும், ஆனால் நனைந்தால் கிழியாத கையுறை. கழிப்பறை வேண்டும். மழைக்கு ஒதுங்க ஓர் இடம். ஒரு மேலாண்மை நிபுணர் மூன்று மாதம் ஆய்வு செய்து எழுதும் அறிக்கையை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்தார்கள். குறித்துக்கொள்ள அங்கே அதிகாரிகள் யாரும் இல்லை.

தொழிலாளர்கள் கையில் சாவி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புனேயில் ஓர் உதாரணம் இருக்கிறது. குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், 1993-இல் சங்கம் கட்டினார்கள். 2008-இல் 'ஸ்வச்' என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவு மூலம் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்ததாரர் நடுவில் இல்லை. பயன்படுத்திய மாதவிடாய் அணையாடைகளைப் பிரிக்காத குப்பையிலிருந்து வெறுங்கையால் எடுக்கவேண்டி வந்தபோது, அதைத் தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று நகரத்துக்கே கற்றுக்கொடுத்தார்கள். 2013-இல் பயன்படுத்திய அணையாடைகளை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் தயாரித்ததை அப்புறப்படுத்துவதில் உங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது என்பதுதான் செய்தி. மாற்றத்தை வழிநடத்துவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மூட்டைதான். ஒப்பந்தம் ஒவ்வொரு முறை முடியும்போதும் அதைப் புதுப்பிக்க அவர்கள் இன்னும் போராட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழியும் முயற்சி செய்யப்படுகிறது. 2017-இல் ஐதராபாத் குடிநீர் வாரியம், குறுகிய தெருக்களில் நுழையும் 70 சிறிய ஜெட்டிங் வண்டிகளைத் தலித் தொழில்முனைவோர் மூலம் இயக்கத் தொடங்கியது. சென்னையில் 2024 டிசம்பரில், அம்பேத்கர் நினைவு நாளன்று, 200-க்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கி நவீன கழிவுநீரகற்று வண்டிகளைக் கொடுத்தார்கள். நேற்றுவரை குழிக்குள் இருந்தவர் இன்று வண்டிக்கு உரிமையாளர். என் கள ஆய்வில் சந்தித்த அந்த ஹெல்பருக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிச் சண்டையே போட்டிருக்கிறோம். சாக்கடை வண்டி ஏன் எங்களுக்கே தேடி வருகிறது? சரக்கு லாரியும் டவுன் பஸ்ஸும் ஏன் வருவதில்லை? கூலியாக இருந்த சாதித் தொழிலை முதலாளியாக இருந்து செய்தால் அது சாதித் தொழில் இல்லை என்றாகிவிடுமா? இதை ஒரு தோழர் கேட்டபோது, வண்டிக் கடன் வாங்கியிருந்த இன்னொரு தோழர் கோபமாகத் திருப்பிக் கேட்டார்: "நீ பேராசிரியர் ஆகறவரைக்கும் நான் குழிக்குள்ளயே இருக்கணுமா?" இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், வண்டியைக் கொடுப்பது ஒத்திப்போடக் கூடாத உடனடி உரிமை என்பேன். அது குழிக்குள் போகும் உயிரைக் காக்கிறது. ஆனால் அதையே விடுதலை என்று மேடை போட்டு அறிவிக்கும்போது மட்டும் எழுந்து கேள்வி கேட்க வேண்டும். அந்தத் தொழில்முனைவோரின் மகனும் மகளும் என்ன படிக்கிறார்கள், குடிநீர் வாரியத்தின் பொறியாளர் பட்டியலில் எங்கள் பெயர் எத்தனை, வண்டியின் அடுத்த மாதிரியை வடிவமைக்கும் கூட்டத்தில் குழிக்குள் இறங்கியவர் ஒருவராவது நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்குத் தத்துவக் கேள்வி இல்லை. அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு வயது பத்து. கருணை அடிப்படையில் அவருடைய துடைப்பம் அம்மாவுக்கு வந்தது. இப்போது அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு அவர் விலகினால் அந்த வேலையை எனக்குக் கேட்கலாம் என்று மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார். "டாக்டர் பட்டம் வாங்கி எத்தனை பேரு சும்மா இருக்கான் பாரு. இது நிரந்தரம், பென்ஷன் இருக்கு." என் உதவித்தொகை நாலு மாதமாக வராத சமயத்தில் அவர் சொன்னது எனக்குத் தவறாகப் படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாதான் மறுத்தார். கத்தவில்லை, அழவில்லை. "மூணாவது ஆளா? வேணாம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சென்ற மாதம் எங்கள் ஊருக்கும் பேட்டரி வண்டிகள் வந்து இறங்கின. பதினான்கு வண்டி. ஓட்டுநர்களை வெளி முகமை மூலம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அம்மா மாதிரி நிரந்தரத் தொழிலாளர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். பெண்களுக்கு வண்டி ஓட்ட வராது என்பது காரணம். முப்பது வருடம் தள்ளுவண்டியை மேட்டில் தள்ளிய பெண்களிடம் இதைச் சொன்னார்கள்.

சுண்டுவிரலைக் கண்டுபிடித்த அதே அக்கா, தம்பி மகனின் லோடு ஆட்டோவில் இரவு எட்டு மணிக்கு மேல் ரயில்வே மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து இப்போது ஆறு பெண்கள் போகிறார்கள். எல்.எல்.ஆர். போட்டாயிற்று. மனுவை நான் தட்டச்சு செய்து கொடுத்தேன், வாசகங்கள் அவர்களுடையவை. பதினான்கு வண்டிக்கும் முதலில் பணியிலிருக்கும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விரும்புகிற பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும். வண்டி வாங்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும். மாற்றுப் பணியில் இருப்பவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டும். கடைசிக் கோரிக்கையை எடுத்துவிடலாமா, அதிகாரிகளுக்குக் கோபம் வரும் என்று நான்தான் தயங்கினேன். "அதுக்குத்தான எழுதறோம்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கியிருக்கிறோம். அம்மா கையெழுத்துப் போட்டார், நாற்பத்தொரு பேர் போட்டார்கள். அக்காவுக்கு ரிவர்ஸ் எடுப்பது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானம் காலியாக இருக்கும், அன்றைக்குப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.